பல் படிப்புக்கு வைத்த நகை

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே விஷயம்தான்: கொள்முதல், விற்பனை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அவருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. துவரம்பருப்பு என்ன விலைக்கு வந்தது, என்ன விலைக்குப் போகும், நடுவில் எலி தின்றது எவ்வளவு, சம்பளத்தன்று தருகிறேன் என்று வாங்கிப்போன தங்கச் சுரங்கத்து மைன்ஸ்காரர்கள் மறந்தது எவ்வளவு, எல்லாம் போக மிஞ்சுவதுதான் வாழ்க்கை என்பது அவர் கட்சி. ஆகவே நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, பெங்களூரில் பல் சுத்தம் செய்கிற படிப்பு ஒன்று இருக்கிறதாம், பெண்களையும் எடுக்கிறார்களாம் என்று சொன்னபோது அவர் கத்தவில்லை. சர்க்கரை மடிக்கிற காகிதம் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"கொள்முதல் எவ்ளோ ஆவும், அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

நான் சொன்னது டாக்டர் படிப்பு இல்லை. டாக்டர் பல்லைப் பிடுங்குவார், அடைப்பார், கட்டுவார். அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வருகிறவர்களின் பல்லில் வருஷக்கணக்காகப் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, ஈறைப் பார்த்து, எப்படித் துலக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று பெயர். பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர்தான் அதைப் பற்றிச் சொன்னார்கள். வெள்ளைக் கோட்டு கொடுப்பார்கள், அதில் இரண்டு பக்கமும் பை இருக்கும் என்றும் சொன்னார்கள். பை வைத்த உடுப்பை நான் அதுவரை போட்டதே இல்லை. பெரிய லட்சியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடையாது, அந்தப் பையில் கையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

தெருவில் விஷயம் பரவ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. "ஊரான் பல்லை விளக்கி உடறதுக்கு ரெண்டு வருஷம் படிப்பா? எங்க ஊட்டு ஆம்பளைய பல்லு விளக்க வைக்கிறதுக்கே நான் பத்து வருஷமா படிச்சிக்கினு கீறேன், பாஸாவ மாட்டேங்குது" என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னதற்கு எங்கள் அப்பாவே சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு எச்சில் பயம். தம்ளரில் வாய் வைத்துக் குடித்தால்கூட சத்தம் போடுகிற வீடு எங்களுடையது.

"நாளைக்கு எச்ச வாயில கைய உட்ட பொண்ணு கையால யாரு சோறு வாங்கித் துன்னுவாங்கோ?" என்று அவள் கேட்டாள்.

அப்போது கடைக்குச் சாமான் வாங்க அத்தை மகன் வந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மைன்ஸ் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், இந்த ஒரு பிள்ளைதான். மைசூர் மைன்ஸில், சுரங்கக் குழிக்குள் இறங்கி இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஷாஃப்ட் பிட்டராக இருந்தார். மைசூர் மைன்ஸ் லைனில்தான் கம்பெனி கொடுத்த வீடும் இருந்தது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் முறைப்பையனை அப்படித்தான் கூப்பிடுவது. பருப்புப் பையைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் அவர் சொன்னார்:

"நான் துன்றேன் அத்த."

கடையில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்துபோய், மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் உள் அறைக்கு ஓடி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பதினேழு வயது. அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த நேரத்தை விட சந்தோஷமான நேரம் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததா என்று கேட்டால், நினைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கணக்கில் அந்த ஒரு வார்த்தைக்கும் இடம் இருந்தது. பீஸ், ஹாஸ்டல், புத்தகம், ரயில் எல்லாம் ஒரு பக்கம். சம்பளம் மறுபக்கம். நடுவில் வட்டி. "ரெண்டு வருஷம் படிக்கிறா. அப்பாலிக்கு ரெண்டு வருஷம் சம்பாதிச்சா போட்ட மொதல் வந்துரும். அதுக்கு மேல வர்றதெல்லாம் லாபம்" என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"லாபம் யாருக்கு? கட்டிக்கினு போறவனுக்குத்தானே?" என்றாள் அம்மா.

"எங்க அக்கா ஊட்டுக்குத்தானே போவுது. வெளில எங்க போவுது?"

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. வெளி மாப்பிள்ளைக்கு என்றால் அப்பா ஒரு காசு போட்டிருக்க மாட்டார்.

கையில் பணம் இல்லை, கடையில் எல்லாம் சரக்காகவும் கடனாகவும் நின்றது. ஆகவே அம்மாவின் நகையை வைப்பது என்று முடிவானது. ஒரு அட்டிகை, இரட்டை வடச் சங்கிலி, நாலு வளையல், இவ்வளவுதான் அவளுடைய ஆஸ்தி. எப்படியும் என் கல்யாணத்துக்கு என் கழுத்தில் ஏறப் போகிறவைதான். நான் படித்து, சம்பாதித்து, அவற்றை மீட்டு, போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அத்தை வந்து வெற்றிலை பாக்கு மாற்றாத குறையாகப் பேசிவிட்டுப் போனாள். "நாலு வருஷந்தானே, கண்ண மூடித் தொறந்தா ஓடிப்பூடும். வெறுங்கழுத்தோட மட்டும் அனுப்பாத தம்பி, லைன்ல நாலு பேரு சிரிப்பாங்கோ" என்றாள். சேட்டு கடைக்கு அம்மாவும் அப்பாவும் போனார்கள். திரும்பி வரும்போது அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. எங்களுக்குக் கரண்ட் கம்பெனி கொடுத்தது. தண்ணீர் கம்பெனி கொடுத்தது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை பெற்றால் பால், செத்தால் லீவு, எல்லாம் கம்பெனி. வெள்ளைக்காரன் போய் சர்க்கார் வந்த பிறகும் நாங்கள் கம்பெனி என்றுதான் சொன்னோம். கம்பெனியில் வேலை பார்க்காத என் அப்பாவுக்குக்கூட, ஒருத்தி ஒன்றைப் படித்துவிட்டு வந்தால் கம்பெனியில் அதற்கு ஒரு வேலை இருந்தே தீரும் என்பதில் சந்தேகமே கிடையாது. விசாரிக்கவில்லை என்று சொல்ல முடியாது, விசாரித்தார். ஆனால் விசாரித்தது கடைக்கு வாடிக்கையாக வருகிற கம்பெனி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை. "படிச்சிட்டு வரட்டுங்க, ஆஸ்பத்திரில பல்லு சேர் போட்டே வச்சிக்கீறாங்கோ" என்று அந்த மனுஷர் சொன்னார். நானும் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேர் இருந்தது, ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். எனக்காகத்தான் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் அந்த இரண்டு வருஷமும் நான் நன்றாகத்தான் படித்தேன். முதலில் சுண்ணாம்பு மாவில் வார்த்த பல்லில் பழக வேண்டும், பிறகு ஒருவருக்கொருவர் வாயில், பிறகு வெளி ஆட்களுக்கு. காரை என்பது கல் மாதிரி இறுகிப்போய் ஈறுக்குள் ஒளிந்திருக்கும். கருவியைச் சரியான சாய்வில் வைத்து இழுத்தால் சட்டென்று பெயர்ந்து வரும், பின்னால் சுத்தமான பல் தெரியும். அந்தச் சந்தோஷம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாயைத் திறங்க என்பதைக் கன்னடம், தெலுங்கு, உருது என்று எல்லாவற்றிலும் சொல்லக் கற்றுக்கொண்டேன். கோட்டில் நிஜமாகவே இரண்டு பை இருந்தது.

சாயங்காலம் ஆனால்தான் கஷ்டம். ஹாஸ்டல் ஜன்னலில் நின்றுகொண்டு, இப்போது எந்த ஷிப்ட்டில் இருப்பார், ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்திருக்குமா, சாப்பிட்டிருப்பாரா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஊரில் இருந்தவரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வருகிறவரை ஓரக்கண்ணால் பார்த்ததுதான். அந்த ஓரக்கண் பார்வைக்கே இப்படி ஏங்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபீஸில் இருந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பல்லு டாக்டரே வெளில இருந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் வர்றாரும்மா. இந்த மாதிரி ஒரு போஸ்டே இங்க கெடையாதே."

அப்பா அந்த சேரைப் பற்றிக் கேட்டார். அவர், "சேர் இருக்குதுங்க, போஸ்ட் இல்ல" என்றார்.

அப்பா கடையில் வந்து உட்கார்ந்து, ஒரு சோடா உடைத்துக் குடித்துவிட்டு, "சந்தையைப் பாக்காம சரக்கு எடுத்துட்டேன்" என்று சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

படித்த வேலை பெங்களூரில்தான் இருந்தது. கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கில் சேர்த்துக்கொண்டார். தங்க மனுஷர், ஆனால் சம்பளம் அப்பா காகிதத்தில் எழுதிய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதில் அறை வாடகை, சாப்பாடு, ரயில் போக, மீதியை அப்பாவிடம் கொடுப்பேன். அப்பா அதை சேட்டிடம் கொண்டுபோவார். பாதி வட்டிக்கே போகும். இரண்டு வருஷத்தில் முடியும் என்று கோடு இழுத்த கணக்கு நாலு, ஐந்து என்று நீண்டுகொண்டே போனது. முதலில் இரண்டு வளையல்கள் மீண்டு வந்தன. அம்மா அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்றாள்.

அந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஒரே வரவு பங்காருபேட்டை.

சனிக்கிழமை கிளினிக் அரை நாள். மத்தியான வண்டியைப் பிடித்தால் மாலூர் தாண்டும்போது வெயில் இறங்கியிருக்கும், பங்காருபேட்டை வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அங்கே இறங்கி மாரிக்குப்பம் போகிற வண்டிக்கு மாற வேண்டும். நடுவில் அரை மணி, வண்டி தாமதமானால் முக்கால் மணி. முதல் ஷிப்ட் வாரங்களில் அவர் மேலே வந்து, குளித்து, மைசூர் மைன்ஸிலிருந்து அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்து அங்கே வந்துவிடுவார். ராபர்ட்சன்பேட்டையிலோ லைனிலோ நாங்கள் நின்று பேச முடியாது, முறைதான் என்றாலும் தாலி ஏறுகிறவரை பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பங்காருபேட்டையில் கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் வெளியூர் ஜனமுமாக இருப்பார்கள். எங்களை யாருக்கும் தெரியாது.

பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில், நடுவில் என் பையை வைத்துவிட்டு உட்காருவோம். டீ வாங்கித் தருவார். "இந்த வாரம் எத்தினி வாய் பாத்த?" என்று கேட்பார். நான் சொல்வேன். வெற்றிலைக் காரையைப் பற்றி, டாக்டரின் விரலைக் கடித்துவிட்ட ஆளைப் பற்றி. அவர் அப்படிச் சிரிப்பார், வாயைக் கையால் மூடிக்கொண்டு. எனக்குத் தன் பல்லைக் காட்டக் கூச்சம். "காட்டுங்க மாமா, நான் இன்னா துட்டா கேக்கப் போறேன்" என்றால், "கல்யாணத்துக்கு அப்பால பாத்துக்கோ" என்று இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார்.

பிறகு என் வண்டி வந்துவிடும். நான் உரிகம் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அவர் வழியில் எங்கோ மேட்டில் மிதித்துக்கொண்டிருப்பார். ரோடு தெரிகிற இடங்களில் ஜன்னலோரம் நெருங்கி உட்கார்ந்து இருட்டில் சைக்கிள் விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பேன். பல தடவை தெரியாது. தெரிந்த நாட்களிலும் அது அவருடைய விளக்குதானா என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே போவேன்.

இரட்டை வடச் சங்கிலியை மீட்பதற்குப் பாதிப் பணம் சேர்ந்திருந்த சமயத்தில் அத்தை தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காசில்லாமல் நன்றாகத்தான் பார்த்தார்கள், ஆனால் எழுந்து நடக்க மாட்டாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வேறு பெண் கிடையாது. அவர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டால் அத்தைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும், மற்றதற்கெல்லாம் எடுத்துப் போடவும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்கு வருவார்கள்?

அந்த வாரம் பங்காருபேட்டையில் டீ வாங்கவில்லை. உட்காரவும் இல்லை, நின்றுகொண்டே சொன்னார்.

"வேலைய உட்டுட்டு வந்துரு. கோயில்ல வச்சி தாலி கட்டிக்கலாம். நகை கெடக்குது."

"அது என் நகை இல்ல மாமா. எங்கம்மாது."

"நான் கட்டறேன் அந்தக் கடன."

"எதுல கட்டுவீங்கோ? அத்தைக்கு ஆவற செலவுக்கே உங்க சம்பளம் பத்தாது."

அவர் பெங்களூரில் ஏதாவது ஃபேக்டரியில் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். அதையும் நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். கம்பெனியை விட்டால் லைன் வீடு போகும், அத்தைக்கு ஆஸ்பத்திரி போகும். அப்பாவின் பெண் இல்லையா, வாயைத் திறந்தால் வரவு செலவுதான் வருகிறது. நான் வேலையை விட்டால் வட்டி ஏறி, அட்டிகையும் சங்கிலியும் மூழ்கிப்போகும். விடாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு தட்டையும் எத்தனை தடவை தூக்கிப் பார்த்தாலும் முள் நடுவில் நிற்கவில்லை.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க" என்றேன்.

"சரி" என்றார். அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நகை போனா மயிரே போச்சு. நீ போய் வாழுடி." என் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் எல்லாம் லேசாகிவிட்டது. ராத்திரி முழுக்க மனசுக்குள் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் ஒரு கல்யாணம். அம்மாவும் நானும் போனோம். அம்மா கில்ட்டுச் சங்கிலி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, இன்னொரு மளிகைக்கடை வீட்டுப் பெண்மணி, அதை விரலால் தூக்கிப் பார்த்து, "புதுசா? எந்தக் கடையில எடுத்த?" என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். பாயசம் வந்தது, மோர் வந்தது, கை கழுவி எழுந்திருக்கும்வரை அந்த முந்தானையை அவள் இடது கையால் பிடித்தபடியே இருந்தாள்.

அதற்கு மேல் வேலையை விட்டுவிட என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை காலை வண்டியில் பெங்களூர் போனேன்.

அவருக்கு ஒரு வருஷம் பொறுக்க முடியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அத்தையால் முடியவில்லை. படுக்கையில் புண் வந்துவிட்டது. குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அத்தையைத் தூக்கிக் குளிப்பாட்ட பயப்பட மாட்டேன் என்று அந்தப் பெண்ணே சொன்னாளாம். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே பங்காருபேட்டைக்கு வந்து என்னிடம் சொன்னார். கடைசி பெஞ்ச் வரைக்கும்கூட நடக்கவில்லை, நான் பெட்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே சொன்னார். நான் "சரி" என்றேன். மாரிக்குப்பம் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அவர் போகவில்லை, வண்டி வரும்வரை என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு, பையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும், அதைவிட அவர் கஷ்டப்படுவார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று அப்பாவிடம் குறை சொன்னேன்.

நகை எல்லாம் மீண்டுவிட்டது. கடைசியாக அட்டிகை வந்த அன்று அம்மா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் என் மடியில் போட்டாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கழுத்தில், கையில் போட்டுவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள், ஆனால் கழற்றவில்லை. எனக்கு வரன்கள் வந்தன. பல் பிடுங்கும் டாக்டரம்மா என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு, சம்பளத்தை விசாரித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எதற்கும் எனக்கு மனசு வரவில்லை. வயது ஏற ஏற வரன்களும் நின்றுவிட்டன. சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். சரியாகச் செய்துவிட்டால் ஏக்கம் குறைந்துவிடுமா என்ன?

எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தினமும் பல் டாக்டர் இருக்கிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். பல் சுத்தம் செய்ய ஆளும் வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் போட்டது நான் ஒருத்திதான். அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் சந்தை கொஞ்சம் தாமதமாகக் கூடியது என்று சொல்லியிருப்பார். ராபர்ட்சன்பேட்டை வீட்டிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

அவரைச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் பார்ப்பதுதான். ஆண்கள் பக்கத்தில் அவர், பெண்கள் பக்கத்தில் நான். அவருடைய மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இளைச்சிட்டீங்களே" என்பாள். அத்தையைக் கடைசி வரைக்கும் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டவள். அவளை வெறுக்கலாம் என்று நான் முயற்சி செய்து பார்த்ததுண்டு. நடக்கவில்லை.

அவள்தான் ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இவருக்கு ஈறுல ரத்தம் வருது. காட்டுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. சொந்தத்துல நீங்க இருக்கச்ச வெளில எதுக்குப் போவணும், சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளுடன் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அவர் சேரில் உட்கார்ந்தார். தலைமாட்டை நான் சாய்த்தேன். முன்தலையில் நரைத்திருந்தது. வெளிச்சத்தைத் திருப்பி, மற்ற எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே, "வாயைத் திறங்க" என்றேன்.

திறக்கவில்லை. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

கீழ் வரிசையில் ஒரு பல் சற்றே திரும்பியிருந்தது, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்தபடி. இத்தனை வருஷம் கையால் மூடி மறைத்தது இதைத்தானா என்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கையுறை எல்லாம் கிடையாது, வெறும் விரல்தான். இடது கையால் அவர் தாடையைப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், அதுவரை நான் அவரைத் தொட்டதே இல்லை. என் விரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை, அதற்குப் படித்திருக்கிறேன். காரை அதிகம் இல்லை, பத்து நிமிஷ வேலை. நான் ஒவ்வொரு பல்லாக, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று, இருக்கிற பொறுமையை எல்லாம் சேர்த்துச் செய்தேன். வாய் திறந்திருந்ததால் அவரால் பேச முடியாது. பேச முடியாதது எனக்கு வசதியாக இருந்தது. வெளியே அவர் மனைவி எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

முடிந்ததும் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், கதவு வரைக்கும் போய் நின்றார்.

"மறுபடி வரணுமா?" என்று கேட்டார்.

அந்த ஈறுக்கு இனிமேல் ஒன்றும் தேவையில்லை. வேப்பங்குச்சியை விட்டுவிட்டுப் பிரஷ்ஷில் துலக்கினால் வருஷக்கணக்காகத் தாங்கும்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றேன்.

வந்தார். அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்கும் வந்தார். நான் ரிட்டையர் ஆகும் வரைக்கும் ஒரு தடவையும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்து, வாசனைக்குக் கிராம்பு போட்டுக்கொண்டுதான் வருவார். சுரண்டி எடுக்க அந்த வாயில் ஒரு துளி காரை இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எல்லாப் பல்லையும் சுத்தம் செய்வேன்.